போதைப்பொருள் பிரசுரத்தில் நான் மாற்றிய வரிகள்

பிள்ளை,

நேற்று நீ அழைத்தபோது இருபது நிமிடமும் உன் கலியாணப் பிளவுஸைப் பற்றித்தான் கதைத்தேன். ஈஸ்ட் ஹாம் தையல்கடைக்காரர் கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டார், கைக்கு வைத்த சரிகை சேலைக் கரையோடு சேரவில்லை, சனிக்கிழமை வந்து போட்டுப் பார் என்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று நீ ஆங்கிலத்தில் கேட்டாய். தடிமன், மூக்கடைப்பு என்றேன். எனக்குத் தடிமன் இல்லை. உன்னிடம் சொல்ல நினைத்த விஷயம் வேறு. இரண்டு தடவை அது வாய்வரை வந்தது. இரண்டு தடவையும் பிளவுஸுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அதனால் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு, மேசைகளைத் துடைத்து மடித்துவைத்துவிட்டால் எனக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரத்தில் எழுதி, தாள்களை ஏப்ரனுக்குள் மடித்துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அப்பா கண்டால் வேண்டாம் என்பார். ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பயந்து பயந்து எழுதுகிறேன். அந்தப் பயம் உனக்குத் தெரியும். பதினாறு வயதில் நீயும் ஒரு கடிதத்தை இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒளித்து எழுதினாய். அது யாருக்கும் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதை உனக்குச் சொல்லவே இது.

அந்த நாட்களில் நான் கவுன்சில் ஒன்றுக்குத் தமிழ் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். குப்பை எடுக்கும் நாள், தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை என்று ஏதாவது வரும். என் ஆங்கிலம் போதாது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நீதான் சமையலறை மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று விளக்குவாய். நான் தமிழில் எழுதுவேன். எழுதியதை நீ எழுத்துக்கூட்டி வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் கற்றதைவிட அந்த மேசையில் நீ கற்றது அதிகம். போதைப்பொருள் பற்றிப் பெற்றோருக்கான விழிப்புணர்வுப் பிரசுரம் வந்தபோதும் அப்படித்தான் இருந்தோம். அதில், ஒருவர் எதையாவது பாவித்துவிட்டு மயங்கிக் கிடந்தால் வீட்டார் என்ன செய்யவேண்டும் என்று ஒரு பகுதி இருந்தது. நீ அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

"அம்மா, குறட்டை விட்டா நல்ல நித்திரை எண்டுதானே நாங்கள் நினைக்கிறம். இதில அது ஆபத்து எண்டு போட்டிருக்கு."

"அப்ப உன்ர அப்பா ஒவ்வொரு நாளும் ஆபத்திலதான் படுக்கிறார்."

"என்ன, என்னைப் பற்றியோ கதை நடக்குது?" என்று அப்பா முன்னறையில் இருந்து கேட்டார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பிறகு, சாதாரணக் குறட்டை வேறு, இது வேறு என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாய். போதைமருந்து மூச்சை மெதுவாக அடக்கிவிடும், அப்போது தொண்டையில் இருந்து அந்தச் சத்தம் வரும், வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் உறங்குவதுபோல இருக்கும் என்றாய். நாம் இருவரும் சேர்ந்து எழுதிய தமிழ் இதுதான்: 'தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், பெரிதாகக் குறட்டை விட்டால், அல்லது தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டால், உறங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். உடனே 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.' நீ இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாய். "இது எல்லாருக்கும் விளங்கும்" என்றாய். ஒரு பரிசோதகர் மாதிரித் தலையாட்டினாய்.

அச்சுக்குப் போகுமுன் நம் சமூகத்தவர் சிலர் தமிழை வாசித்துச் சரி சொல்லவேண்டும் என்பது கவுன்சிலின் நடைமுறை. நம் தமிழ்ச் சங்கத்தின் சின்ன அறையில் ஐந்து பேர் கூடினார்கள். தலைவர் பரம் அண்ணையை உனக்குத் தெரியும். கவுன்சிலில் இருந்து ஜூலியா என்ற பெண் வந்திருந்தார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பற்றிஸைச் சாப்பிட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பரம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். நான் எழுதிய தமிழை இன்னொருவர் சபையில் வாசிக்க நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குள் ஏதோ உப்பிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, அருமையான தமிழ்" என்றார் அண்ணை. "ஆனா இந்த 999 ஐ மட்டும் எடுத்துவிடும். இதைக் கண்டா எங்கட சனம் பேப்பரைக் கையாலயும் தொடாது. ஆம்புலன்ஸ் வந்தா பின்னால பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா ஹோம் ஆபீஸ் வந்து விசாவைக் கேக்கும். பிறகு அந்த வீட்டில ஒரு குமர்ப் பெட்டை இருந்தா ஆர் சாதகம் கொண்டு வருவினம்?"

"ஓம், ரோட்டு முழுக்க ஜன்னலால எட்டிப் பாக்கும்" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

"அப்ப என்ன அண்ணை போடுறது?" இதைக் கேட்டது நான்.

"நித்திரை கொள்ள விடுங்கோ, விடிய ஜி.பி.யிட்டக் காட்டுங்கோ எண்டு போடும். ஜி.பி.யும் டொக்டர்தானே? பிழை ஒண்டும் இல்லையே?"

நான் பேனாவை எடுத்தேன். நாம் எழுதிய வரிகளை வெட்டினேன். 'ஆழ்ந்து உறங்கினால் உறங்க விடுங்கள். காலையில் உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று மேலே எழுதினேன். குறட்டையையும் எடுத்துவிட்டேன். ஆம்புலன்ஸ் இல்லாமல் குறட்டையைப் பற்றிச் சொல்லி என்ன பயன் என்று நானே நினைத்து எடுத்தேன். அதை அண்ணை சொல்லவில்லை. எல்லாம் சரியா என்று ஜூலியா கேட்டார். எங்கள் ஆட்களுக்கு ஏற்றமாதிரிக் கொஞ்சம் மரியாதையாக மாற்றினோம் என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். மிகவும் நல்லது என்றார் ஜூலியா.

தெரியாமல் செய்தேன் என்று எழுதப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். தெரிந்துதான் செய்தேன். நீ மேசையில் இருந்து விளக்கிச் சொல்லி மூன்று கிழமைகூட ஆகவில்லை. எங்கள் விசா அப்போது முடிவாகாமல் இருந்தது, பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நான் கதவைப் பூட்டிவிடுவேன் என்பது உண்மை. விசாவுக்கு எங்களுக்காகக் கடிதம் எழுதித் தந்தவர் பரம் அண்ணை என்பதும் உண்மை. ஆனால் அவற்றைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. என் தமிழை மெச்சியவர்களுக்கு முன்னால், அண்ணை, இப்படிப் போட்டால் ஆட்கள் செத்துப்போவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நல்லவளாக இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

பிரசுரம் வந்ததும் நீதான் முதலில் கண்டாய். கவுன்சில் முத்திரையோடு, பளபளவென்று, தமிழ்க் கடையில் தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஐந்தாறை ஒன்றாக எடுத்துக்கொண்டாய். சிநேகிதிகளுக்குக் காட்டப்போகிறேன் என்றாய். பஸ்ஸில் மேல் தட்டில் முன் இருக்கையில் இருந்து வாசித்துக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாய்.

"அம்மா, இது நாங்கள் எழுதினது இல்லையே."

"எது?"

"குறட்டையும் இல்லை, 999 உம் இல்லை. நித்திரை கொள்ள விடச் சொல்லிக் கிடக்கு. ஆர் மாத்தினது?"

"எனக்குத் தெரியாது. அச்சடிக்கிற இடத்தில மாத்தியிருப்பினம்."

"அப்ப ஜூலியாவுக்குச் சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ. இதை நம்பி ஆரும் விட்டா ஆள் செத்துப்போகும் அம்மா."

நீ சத்தமாகக் கதைத்தாய். பின்னால் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைப் பார்த்தது. அப்போது நான் உன்னிடம் கேட்டதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "உனக்கேன் இதில இவ்வளவு அக்கறை? இதெல்லாம் உனக்கு ஆர் பழக்கினது? உன்ர சிநேகிதப் பெட்டையள் பாவிக்கினமோ, இல்லாட்டி நீயோ?" என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். உன் காது சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து நீ குளிக்கப் போன நேரம் உன் பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகளின் பையில் என்னென்ன தேடவேண்டும் என்று அதே பிரசுரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடினேன். பாதி கடித்த பென்சிலும், சுவிங்கமும், பிரசுரங்கள் ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரிகளைச் சிவப்புப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டிருந்தாய்.

உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது ஒருநாள் உன்னிடம் வந்து, அம்மா, இது பிழை என்று சொல்லும். அப்போது உனக்கு எப்படித் தெரியும், யார் சொல்லித் தந்தது என்று கேட்காதே. சொன்னது சரியா என்று மட்டும் பார். சரியான தகவல் தெரிந்திருப்பதையே ஒரு குற்றம் ஆக்கினேன் நான். அன்றிலிருந்து நம் வீட்டில் நீ எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து ஜூலியாவிடம் இருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழ்ப் பிரசுரத்தைப் பற்றிப் பெயர் இல்லாத ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, எங்களில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அவர்களின் பட்டியலில் இருந்த ஒரே தமிழ் மொழிபெயர்ப்பாளர் நான். என் பிழையைப் பற்றிய முறைப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னையே அழைத்தார்கள். இணைத்திருந்த கடிதத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நடுவில் தமிழ் வரிகளை மட்டும் கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டிருந்தது. அந்தக் கையெழுத்தை அடையாளம் காண எனக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை. உன் கையைப் பிடித்து அந்த எழுத்துகளைப் பழக்கியவள் நான்.

முன்னைய கிழமை இரண்டு இரவு உன் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. எவனோடோ கதைக்கிறாய் என்று நினைத்து, போனைப் பறிக்கப்போகிறேன் என்று கதவைத் தட்டிக் கத்தினேன். நீ இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாய். உன் கடிதத்தில் பாதி எனக்கு இன்னும் மனப்பாடம். ஆங்கில வரியையும் தமிழ் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே இது இல்லை, இங்கே இது மாறியிருக்கிறது என்று காட்டியிருந்தாய். கோபமாக ஒரு சொல்லும் இல்லை. கடைசியில், 'நான் யார் என்று தயவுசெய்து தேடாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. இதை மொழிபெயர்த்தவர் நல்லவர். அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். பிறகு யாரோ மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பிரச்சினை வரக்கூடாது' என்று எழுதியிருந்தாய். 'ஒரு மாணவி' என்று கையொப்பம்.

பஸ்ஸில் உன்னை அப்படிக் கேட்டவளைக் காப்பாற்றத்தான் நீ அந்த வரிகளை எழுதியிருந்தாய்.

அன்றே நான் ஜூலியாவுக்குப் பதில் அனுப்பியிருக்கலாம். ஓம், பிழை, நான்தான் மாற்றினேன், பிரசுரங்களைத் திருப்பி எடுங்கள் என்று இரண்டு வரி போதும். நான் எழுதியது வேறு. மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதினேன். முறைப்பாட்டாளர் வயதில் சின்னவராக இருக்கலாம் என்றேன். இந்த நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் முழுமையாக விளங்குவதில்லை, அதனால் பிழையாக வாசித்திருக்கிறார் என்றேன். ஜூலியா அதை அப்படியே, முறைப்பாடு வந்த உன் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. தேர்ச்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உறுதிப்படுத்தியிருக்கிறார் என்று தொடங்கியது. அன்று பின்னேரம் உனக்கு ரொட்டியும் சம்பலும் செய்தேன். பசிக்கவில்லை என்றாய். ஏன் பசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, சாப்பாட்டை வீணாக்குகிறாய் என்று ஏசினேன்.

அடுத்த சனிக்கிழமை நீ தமிழ்ப் பாடசாலைக்குப் போகவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அப்பா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தமிழ் விளங்காதப்பா" என்றாய்.

"உனக்கோ விளங்காது? வகுப்பில நீதானே முதல்?"

"வகுப்பில விளங்கும். உண்மையான தமிழ் எனக்கு விளங்காது."

நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அதன்பிறகு நான் தமிழில் கேட்பதற்கு நீ ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினாய். இங்கே வளர்ந்த பிள்ளை அப்படித்தான் என்று ஆட்களுக்குச் சொன்னேன். எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

அடுத்த வருடம் கோயிலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தார். நீங்கள்தானே அந்தப் பேப்பர் எழுதினது என்று கேட்டார். ஓரமாக அழைத்துப் போனார். அவருடைய மூத்த மகன் ஒருநாள் எதையோ பாவித்துவிட்டு வந்து கட்டிலில் விழுந்திருக்கிறான். தகப்பன் ஆம்புலன்ஸுக்கு அடிக்கப்போன நேரம், இவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருந்த பிரசுரத்தைக் காட்டித் தடுத்திருக்கிறார். "விடிய விடிய என்ன குறட்டை! யானை மாதிரி. நான் காலடியிலதான் இருந்தனான். காலமை பத்து மணிக்குக் கண்ணை முழிச்சான். ஒரு குருவிக்கும் தெரியாது. உங்கட எழுத்துத்தான் அக்கா எங்கட மானத்தைக் காப்பாத்தினது" என்று சொல்லி என் கையில் ஓர் அர்ச்சனைத் தட்டை வைத்தார். அவன் பிழைத்தது அதிர்ஷ்டம். அந்தக் குறட்டை எது என்று எனக்குத் தெரியும். அக்கா, அடுத்த முறை அப்படிச் செய்யாதேங்கோ என்று சொல்லத் தெரியும். நான் சிரித்தேன். தட்டை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. வேறு எத்தனை வீட்டில் அது ஒட்டியிருந்தது, எத்தனை பேர் காலடியில் இருந்தார்கள், எல்லோரும் கண் முழித்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இதை வைத்துக்கொண்டுதான் பதின்மூன்று வருடம் உனக்குத் தலை வாரி இழுத்தேன், சோறு போட்டேன், பட்டமளிப்புக்கு வந்து படம் எடுத்தேன்.

நீ இப்போது கட்டடங்களில் தீப்பாதுகாப்புப் பார்க்கிறாய். உன் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குப் பெருமை. ஆனால் போன வருடம் நீ சொன்ன ஒன்று எனக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது. எந்த அறிக்கையையும் மூன்று பேரிடம் காட்டாமல் அனுப்பமாட்டேன், நான் ஏதாவது பிழையாக விளங்கியிருப்பேனோ என்று பயம் என்றாய். கவனமான பிள்ளை என்று அப்பா மெச்சினார். அந்தப் பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு தீத்தடுப்புக் கதவு சரியாகப் பூட்டவில்லை என்று நீ கண்டால், அது பூட்டவில்லை. எழுதி அனுப்பு. உன் கண் சரியான கண்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். போன கிழமை அதே கவுன்சிலில் இருந்து மறுபடி எழுதினார்கள். ஜூலியா இப்போது அங்கே இல்லை. சாரா என்ற ஒருவர் இருக்கிறார். அந்தப் பிரசுரத்துக்குத் தமிழர்களிடம் நல்ல வரவேற்பு இருந்ததாம். மறுபடி அச்சடிக்கப்போகிறார்கள். இந்த முறை பஸ் தரிப்பிடங்களிலும், ஜி.பி. நிலையத் திரைகளிலும் வரும், என் குரலில் ஒலிப்பதிவும் வேண்டும், மாற்றம் இல்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் போதும் என்றிருந்தது. இணைப்பைத் திறந்தேன். 'ஆழ்ந்து உறங்கினால் உறங்க விடுங்கள்.' அப்படியே இருந்தது.

அப்பாவிடம் அன்றுதான் முழுவதையும் சொன்னேன். தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "கலியாணம் முடியட்டும்" என்றார். "பரம் அண்ணைதான் மண்டப வாசலில நிண்டு ஆக்களை வரவேற்கப் போறார். இப்ப இதைக் கிளறினா?"

"இஞ்சேருங்கோ, அதுக்குள்ள அச்சடிச்சுப் போடுவினம்."

"பதின்மூண்டு வருசமாக் கிடந்தது. இன்னும் மூண்டு கிழமை கிடந்தா உலகம் அழியுமே?"

அவரைக் குறை சொல்லாதே. அன்று அந்தச் சின்ன அறையில் நானும் இதைத்தான் வேறு சொற்களில் நினைத்தேன். நம் வீட்டில், நம் ஆட்களிடத்தில், எந்த உண்மைக்கும் முன்னால் ஒரு கலியாணம் வந்து நின்றுவிடும்.

வியாழக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கவுன்சிலுக்குப் போனேன். ஆங்கிலப் பிரதியையும் தமிழையும் மேசையில் வைத்தேன். என் ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். உனக்குப் பக்கத்தில் இருந்து பழகிய முறையிலேயே காட்டினேன். யார் மாற்றியது என்று சாரா கேட்டார். நான் என்றேன். இதைப் பற்றி முன்பு யாராவது எழுதினார்களா என்று கேட்டார். ஒரு முறைப்பாடு வந்தது என்றேன். கணினியில் தேடி எடுத்தார். வாசித்தார். அதற்குக் கீழே இருந்த பதிலையும் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தப் பதிலுக்கு ஆலோசனை சொன்ன மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டார். அதுவும் நான் என்றேன். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். முறைப்பாடு செய்தவர் யார் என்று தெரியுமா என்றார். ஒரு மாணவி என்று மட்டும் சொன்னேன். உன் பெயர் உன்னுடையது.

எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். மறு அச்சை நிறுத்திவிட்டார்கள். ஜி.பி. நிலையங்களிலும் கடைகளிலும் பழைய பிரதிகள் இருந்தால் எடுக்க ஆள் அனுப்புகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். முறைப்பாட்டைத் தள்ளியது பிழை என்று அந்த மாணவிக்கு எழுதவேண்டும் என்று கேட்டேன். சாரா உடனே எழுதி உன் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பினார். அந்த முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதனால் அச்சில் எடுத்து என் கையில் தந்தார். அது இதோடு இருக்கிறது. 'ஒரு மாணவிக்கு' என்று தொடங்குகிறது. நீங்கள் வாசித்தது சரி, பிரசுரம்தான் பிழை என்று சொல்கிறது. நான் அதில் ஒரு சொல்லும் தொடவில்லை.

பரம் அண்ணைக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "என்ர பேரையும் குடுத்தனீரோ?" என்று கேட்டார். இல்லை அண்ணை, பேனா என்ர கையிலதான் இருந்தது என்றேன். "தங்கச்சி, அந்தப் பேப்பரை நான் என்ர தங்கச்சி வீட்டுக்கும் குடுத்தனான்" என்றார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பிரசுரம் ஊரெல்லாம் போனது. திருத்தமும் அப்படிப் போகவேண்டும். தமிழ்க் கடைகளில் இலவசமாக வைக்கும் மாதப் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் போட விரும்புகிறேன், உன் பெயர் இல்லாமல். அந்தப் பிரசுரத்தை வீட்டில் வைத்திருக்கும் தாய் ஒருத்தி இதை வாசிக்கட்டும். அவருக்கு நான் சொல்வது: ஆள் எழும்பாவிட்டால், அந்தச் சத்தம் கேட்டால், அது நித்திரை இல்லை. 999க்கு அடியுங்கள். பக்கத்திலேயே இருங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்கள் மூச்சைத்தான் பார்க்க வருகிறார்கள், உங்கள் விசாவை அல்ல. அயலார் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஆனால் பிள்ளை, நீ முதலில் வாசிக்கவேண்டும். நீ ஓம் என்றால்தான் பத்திரிகைக்குப் போகும். இல்லை என்றால் திருத்தத்தை மட்டும் என் பெயரில் போடுவேன். இது உன்னிடமே நின்றுவிடும்.

இதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு இது முழுக்க விளங்கும். இதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உனக்கு அன்றும் விளங்கியிருக்கும். உனக்குத் தமிழ் விளங்காது என்று இந்த உலகத்தில் எழுதிவைத்தது ஒரே ஒரு ஆள். அது பொய்.

மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீ உடனே ஓம் என்பாய், எனக்குத் தெரியும், அதுவும் இன்னொரு களவு. நேரம் எடு. கோபம் வந்தால் கோபப்படு. கலியாணத்தன்று உன்னை மணவறைக்கு அழைத்துவரும்போது பக்கத்தில் தாய் நடக்கவேண்டும் என்பது முறை. அந்த முறையை எனக்காகப் பார்க்காதே. பக்கத்தில் வரச் சொன்னால் வருகிறேன். மாமி யாராவது வரட்டும் என்றால் முன் வரிசையில் இருக்கிறேன். பின்னால் இரு என்றால், பின்வரிசைக் கதிரை ஒன்றில், உனக்குத் தாலி கட்டும்போது தெரியும் இடமாகப் பார்த்து இருந்துகொள்கிறேன்.

அம்மா